தார் போட்ட வண்டிப்பேட்டைகள்

நம் ஊர்களில் பெரிய ஜவுளிக்கடையோ, கலியாண மண்டபமோ, மொத்த வியாபார மண்டியோ புதிதாகத் திறக்கப்படும் நாளில் அதன் வாசலைப் பார்க்க வேண்டும். வாழைமரமும் தோரணமும் நாதஸ்வரமும் ஒருபுறமிருக்க, கட்டடத்தின் முன்னே கறுப்புக் கம்பளம் விரித்தாற்போல் தார் போட்ட பேட்டை பளபளத்துக் கிடக்கும். வெள்ளைக் கோடுகள் இழுத்திருப்பார்கள். சீருடை தரித்த காவற்காரர் ஊதல் ஊதி மோட்டார்களை வரிசைப்படுத்துவார். முதலாளி வந்தவர்க்கெல்லாம் அதைக் காட்டி மகிழ்வார். அதே இடத்தை மூன்று ஐப்பசி கழித்துப் போய்ப் பார்ப்பீரானால், மகிழ்வதற்கு அங்கே யாதொன்றும் இராது. சக்கரம் திரும்பும் இடமெல்லாம் குழி. குழியெல்லாம் சேற்று நீர். சிதறிக் கிடக்கும் ஜல்லியில் ஸ்கூட்டர் சறுக்கி ஸ்திரீகள் விழுகிறார்கள். முதலாளியைக் கேட்டால், கண்டிராக்டர் ஏமாற்றிவிட்டான் என்பார். கண்டிராக்டரைக் கேட்டால், இவ்வருஷம் மழை அதிகம் என்பார். மழையைக் கேட்க வழியில்லை.

இவ்விருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைச் சொல்லவே இதை எழுதத் துணிந்தோம். தேச விவகாரங்கள் எத்தனையோ காத்திருக்க, கடைவாசல் குழிக்குப் பத்திராதிபர் இத்தனை பத்தி ஒதுக்குவானேன் என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்கட்டும். ஓர் ஏக்கர் பரப்பில் 5 சென்டிமீட்டர் கனத்திற்குத் தார்க்கலவை போட்டு அழுத்தினால், ஏறத்தாழ 475 டன் கலவை வேண்டும். அதில் கல்லும் மணலும் பொடியும் போக, நூற்றுக்கு 5 பங்கு தார். அதாவது ஓர் ஏக்கருக்குச் சுமார் 24 டன். இத்தார் நம் மண்ணில் விளைவதன்று. 1969 முதல் நடந்துவரும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அது கிடைக்கிறது என்பது மெய்யே. ஆனால் இந்தியா சுத்திகரிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் பிறதேசத்தினின்று வருவது. அது போதாமல், மேற்காசியத் துறைமுகங்களிலிருந்து தாராகவே கப்பலேறி வருவதும் உண்டு. பதினைந்து ஆண்டு உழைக்க வேண்டிய தரையை மூன்றாண்டில் அழியவிட்டுப் புதிதாகப் போடுகிறவர், தம் பணத்தை மாத்திரம் வீணாக்கவில்லை. சுதேசியம் என்பது கைத்தறி வேஷ்டியோடு முடிந்துவிடும் சங்கதியாயின் நாம் வாய்மூடி இருப்போம்.

தார் என்று நாம் எல்லாரும் சொல்லும் பொருள், சரியாகச் சொன்னால், தாரே அன்று. தார் நிலக்கரியைக் காய்ச்சும்போது வடிவது. இப்போது ரோடுகளில் போடப்படுவது பிட்டுமன். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் பிரிந்தபின் அடியில் தங்கும் கறுப்புப் பிசின். ஜனங்கள் நாவில் வழங்குவதை மாற்றும் உத்தேசம் நமக்கில்லையாதலால் இங்கும் தார் என்றே எழுதுவோம். ஆனால் அது எண்ணெயின் வழிவந்தது என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டும். ஏனென்று பின்னால் விளங்கும்.

இப்பிசினின் குணத்தை நம்மவர் அறிந்தது நேற்றைக்கல்ல. சிந்து நதிக் கரையில் மொஹஞ்சதாரோவில் அகழ்ந்தெடுத்த பெருங்குளத்தை, 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்குளத்தை, நீர் கசியாதிருக்கும் பொருட்டுச் செங்கற்சுவருக்குப் பின்னே இயற்கைத் தார் பூசிக் கட்டியிருந்தார்கள். தாரைக் கொண்டு தண்ணீரைத் தடுக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள். தண்ணீரைத் தடுக்காவிட்டால் தாரும் நில்லாது என்பதை நாம் இன்னும் காணவில்லை.

இதுவே விஷயத்தின் உயிர்நாடி. தார்த் தரையின் மேலே நிற்கும் லாரியைத் தாங்குவது தார் என்று பலர் எண்ணுகிறார்கள். தார்க்கலவை ஒரு போர்வை. பாரத்தைப் பரப்பிக் கொடுப்பது அதன் கீழே உள்ள கருங்கல் ஜல்லிப் படுகை. கடைசியில் தாங்குவது அதற்கும் கீழே உள்ள மண். ஸ்காட்லாந்தில் 1756-இல் பிறந்த மெக்காடம் என்பவர் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே உடைத்த சிறுகற்களால் ரோடு போடும் முறையை வகுத்தார். அவருடைய ரோட்டில் தார் ஒரு துளியும் இல்லை. மண் உலர்ந்திருக்குமானால் எவ்வளவு பாரமும் தாங்கும்; நனைந்தால் எதையும் தாங்காது; ஆகையால் ரோடு போடுகிறவனுடைய முதல் வேலை மண்ணை ஈரத்தினின்று காப்பது என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் ஹூலி என்பவர் 1902-இல் கல்லோடு தாரைக் கலக்கும் முறைக்குப் பேடண்டு பெற்றதெல்லாம் மெக்காடம் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு. கூரை வந்தது பிறகு. வடிகால் வந்தது முதலில். நம் வர்த்தகர்கள் கூரையை மட்டும் வாங்கிக்கொண்டு வடிகாலைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. நமது அச்சுக்கூடத்தின் பின்முற்றத்தில் காகிதச் சுருள் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன் அம்முற்றத்திற்குத் தார் போட்டோம். வேலையும் பழுதில்லாமலே நடந்தது. மூன்றாம் வருஷம் வடமேற்கு மூலையில், மாடிக் குழாயின் நீர் விழும் இடத்தருகே, ஒரு வெடிப்புக் கண்டது. தீக்குச்சி நுழையும் அளவு. போர்மன் வந்து சொன்னார், பார்ப்போம் என்றோம். மறு வருஷம் விரல் நுழைந்தது. அப்போதும் பார்ப்போம் என்றோம். தேர்தல் சமயம், தினந்தோறும் சர்க்காரின் அலட்சியத்தைக் கண்டித்து எழுதுவதில் முனைந்திருந்தோம். ஐந்தாம் வருஷம் அந்த ஒரு வெடிப்பு நாற்பது வெடிப்புகளாகி, முதலையின் முதுகைப்போலக் கட்டங்கட்டமாகப் பிளந்தது. இஞ்சினீயர்களும் அதற்கு முதலைத்தோல் வெடிப்பு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அப்படிப் பிளந்தால் மேலே பூசி மெழுகிப் பயனில்லை. அடிமண் கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. சென்ற கார்த்திகையில் ஒரு லாரியின் பின்சக்கரம் அச்சு வரையில் இறங்கிற்று. இரவு இரண்டு மணிக்கு அச்சுக்கூடத்துச் சிப்பந்திகள் பன்னிரண்டு பேர் கடப்பாறையும் பலகையும் கொண்டு அதைத் தூக்கினார்கள். மறுநாட் பத்திரிகை வெளியூருக்கு ரயில் தவறிற்று. மூன்றாம் வருஷமே ஒரு ஆள் அரைநாள் உட்கார்ந்து, வெடிப்பைத் துடைத்து, காய்ச்சிய தாரை ஊற்றி அடைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ரோட்டுக்கும் பேட்டைக்கும் ஒரு பேதம் உண்டு. அதைத் தெரிந்து வேலை செய்கிறவர் சிலரே. ரோட்டில் வண்டி ஓடுகிறது, பேட்டையில் நிற்கிறது. ஓடும் சக்கரம் ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுப் போகும். நிற்கும் சக்கரம் சித்திரை வெயிலில் இளகிய தாரின்மேல் மணிக்கணக்காக அழுந்தும். அந்த இடம் தட்டுப்போலக் குழிந்து, முதல் மழையில் அங்கே நீர் தங்கும். நின்ற இடத்திலேயே சுக்கானைத் திருப்பும்போது சக்கரம் ஜல்லியைத் திருகிப் பிடுங்குகிறது. நிற்கும் வண்டியிலிருந்து டீசலும் எஞ்சின் எண்ணெயும் சொட்டுகின்றன. தார் எண்ணெயின் வழிவந்தது என்றோமே, அது ஞாபகத்திலிருக்கட்டும். எண்ணெய் தாரைக் கரைத்துவிடும். எண்ணெய்க் கறை படிந்த இடத்தில் ஒரு வருஷம் கழித்துச் செருப்பு நுனியால் கிளறினாலே ஜல்லி பெயர்ந்து வரும். இது போதாதென்று, வண்டி நடமாட்டமே இல்லாத ஓரங்களில் தார் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து, வெளுத்து, அப்பளமாக நொறுங்குகிறது. உழைத்துக் கெடுவதும் உழையாமற் கெடுவதும் ஒரே முற்றத்தில் நடக்கும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை இரவு பகல் ஓட்டிப் பெரும் பரீட்சை ஒன்று நடத்தினார்கள். அதிற்கண்ட முடிவு, அச்சின் பாரம் இரட்டித்தால் தரைக்கு ஏற்படும் சேதம் இரட்டிப்பதில்லை, சுமார் பதினாறு மடங்காகும் என்பது. நம் நாட்டில் 2018-இல் மத்திய சர்க்கார், நான்கு சக்கரமுள்ள ஓர் அச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். ஏட்டில் இது எட்டில் ஒரு பங்கு உயர்வு. மேற்சொன்ன கணக்குப்படி தரைக்கோ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட சேதம். மண்டி முதலாளி தம் முற்றத்தைக் கார்களுக்கென்று போட்டுவிட்டு, அதில் நெல் லாரியை நிறுத்துவாரானால் என்னாகும் என்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, போடும் விதம். நமக்குத் தெரிந்த ஜவுளி வர்த்தகர் ஒருவர், தீபாவளி வியாபாரத்துக்கு முன் முடிய வேண்டுமென்று புரட்டாசிக் கடைசியில் தார் போடச் சொன்னார். முந்தின இரவு பெய்த மழையில் ஜல்லி நனைந்திருந்தது. கலவை லாரி அறுபது மைல் தாண்டி வந்தது. ரோலர் வர மாலையாயிற்று. தீபாவளியன்று பேட்டை அழகாகத்தான் இருந்தது. பொங்கலுக்குள் தோல் உரிந்துவிட்டது. ஈரக்கல்லில் தார் ஒட்டாது. ஆறிய கலவை அழுந்தாது. சாதாரணமாக வழங்கும் வி.ஜி. 30 என்னும் தாரானால் கலவையை 140 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத சூட்டில் விரிக்க வேண்டும். 90 டிகிரிக்கு இறங்குமுன் ரோலர் வேலை முடிய வேண்டும். கனத்த லாரிகள் நிற்கும் இடத்துக்கு இன்னும் கெட்டியான வி.ஜி. 40 உசிதம். ஒரு சிறிய உஷ்ணமானியைக் கலவையில் குத்திப் பார்க்க எந்த முதலாளிக்கும் இரண்டு நிமிஷம் போதும். பட்டுச் சேலையைத் தடவிப் பார்க்கும் கைக்கு இது அரிதோ? பழைய படுகைக்கும் புதுக் கலவைக்கும் நடுவே பசைபோலத் தெளிக்கும் தார்க்குழம்பு ஒன்று உண்டு. தெளித்தவுடன் அது காப்பி நிறமாயிருக்கும். நீர் பிரிந்ததும் கறுக்கும். கறுக்குமுன் கலவையைக் கொட்டுவது வீண். இதைக் கண்ணால் பார்த்தே யாரும் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் வாட்டம். ஐம்பதடிக்கு ஓரடி, மழை மிகுந்த இடத்தில் நாற்பதடிக்கு ஓரடி, தரை சரிந்திருக்க வேண்டும். கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றினால்தான் அழகு என்று எண்ணும் முதலாளிகள் பலர். தண்ணீருக்கு அழகு தெரியாது. வேலை முடிந்த மறுநாள் ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்து, எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்கட்டியால் வட்டமிட்டு, அதைச் சரிசெய்த பிறகே பணம் கொடுக்கும் வர்த்தகர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய பேட்டை பன்னிரண்டு ஆண்டாகக் குழியின்றி இருக்கிறது.

பணம் கொடுப்பது என்றோம். இதில் வக்கீல் என்ற முறையில் நாம் கண்டதையும் சொல்லிவிடுவோம். லட்சக்கணக்கான வேலைக்கு ஒரு முழத் துண்டுக் காகிதம்கூட இல்லாமல், அல்லது ‘2 அங்குலம் தார் போட’ என்று ஒற்றை வரி எழுதிக்கொண்டு வரும் கட்சிக்காரர்கள் அநேகர். 2 அங்குலம் எப்போது? கொட்டியபோதா, அழுத்திய பிறகா? கொட்டிய கலவை ரோலர் அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும். இந்த ஐந்தில் ஒரு பங்கில்தான் எத்தனையோ பேருடைய லாபம் ஒளிந்திருக்கிறது. அழுத்திய பின் கனம் இவ்வளவு, தாரின் வகை இது, ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடைச் சீட்டு உண்டு, முடிந்தபின் இத்தனை இடத்தில் துளையிட்டுக் கனம் பார்ப்போம், தொகையில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைக்கப்படும் என்று எழுதிக்கொண்டால் நியாயமான கண்டிராக்டர் யாரும் மறுக்கமாட்டார். எழுத்தில்லா ஒப்பந்தமும் ஒப்பந்தமே. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கும். ஆனால் எதை ஒப்புக்கொண்டார் என்று நிரூபிக்க வேண்டுமே? ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டுமென்பதையும் பலர் நான்காம் ஆண்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கண்டிராக்டர்கள் எல்லாரும் கள்ளர் என்பது நம் கருத்தன்று. எல்லாரிலும் குறைந்த விலை சொன்னவருக்கே வேலையைக் கொடுத்து, அதற்குமேலும் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, நிறைந்த சரக்கை எதிர்பார்க்கும் முதலாளிக்கும் களவில் பங்கு உண்டென்பதே.

போட்ட பின் காப்பது சுலபமான காரியம். ஆகவேதான் ஒருவரும் செய்வதில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள் முற்றத்தைச் சுற்றிவந்து வடிகாலில் அடைத்த பிளாஸ்டிக் பையையும் இலையையும் வாரவேண்டும். தீக்குச்சி நுழையும் வெடிப்பை அந்த வருஷமே அடைக்க வேண்டும். எண்ணெய் கொட்டினால் அன்றே மரத்தூளைத் தூவிப் பெருக்க வேண்டும். குழி விழுந்துவிட்டால், அதில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவது வைத்தியமல்ல. அடுத்த மழையில் அது மிதந்து வரும். நல்ல தரை எதுவரை இருக்கிறதோ அதுவரை சதுரமாக வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக்கி, ஈரத்தையும் மண்ணையும் நீக்கி, நான்கு பக்கமும் தார்க்குழம்பு தடவி, சூடான கலவையைச் சற்று மேடாக நிரப்பி அழுத்த வேண்டும். தையற்காரர் கிழிசலை வெட்டிச் சதுரமாக்கி ஒட்டுப்போடுவதில்லையா? அதே நியாயம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பழையதன்மேல் இன்னொரு தட்டுப் போட்டுவிடலாமே என்பவர்க்கு ஒரு விஷயம். தட்டுக்குமேல் தட்டுப் போட்டுச் சென்னையிலும் மற்ற நகரங்களிலும் தெரு உயர, வீடுகள் பள்ளத்தில் அமிழ்ந்தன. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்கு வருகிறது. பழைய மேற்றட்டைச் சீவி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும், ரோட்டின் மட்டம் உயரக்கூடாது என்று 2021-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் கட்டளையிட்டார். அக்கட்டளை சர்க்கார் ரோடுகளுக்கு. தனியார் பேட்டைகள் இன்றும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றன. பின்தெருக் குடிசைகள் ஆண்டுக்கு ஆண்டு தாழ்கின்றன. சீவி எடுத்த தாரும் கல்லும் குப்பையல்ல. மறுபடி காய்ச்சிக் கலக்கக்கூடிய சரக்கு. அதைப் பள்ளத்தில் கொட்டுகிறவர் கப்பலில் வந்த பொருளை இரண்டாம் முறை எறிகிறார்.

ஓர் ஏக்கர் தார்த் தரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் முப்பத்துமூன்றில் அடங்கும் நீர் அது. ஐப்பசியில் இந்நீரைத் தெருவுக்கு விரட்டிவிட்டுச் சித்திரையில் அதே முதலாளி அதே லாரிகளுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். கூரை நீருக்குக் குழி வெட்டியவர்களும் கூரையைவிடப் பெரிதான பேட்டையை மறந்தார்கள். பேட்டை நீரில் எண்ணெய் கலந்திருக்குமாதலால் அதை நேரே கிணற்றில் விடலாகாது. மணல் தொட்டியிலும் எண்ணெய் பிடிக்கும் தொட்டியிலும் தேக்கித் தெளியவிட்டுப் பிறகே பூமிக்குக் கொடுக்க வேண்டும். கார்கள் மட்டும் நிற்கும் ஓரவரிசைகளுக்குத் தாரே வேண்டாம். இடைவெளி விட்டுக் கற்பதித்து, நடுவே வேம்பும் புங்கும் வைத்தால் நீரும் இறங்கும், நிழலும் உண்டாகும். நிழலில் தாரும் மெதுவாகவே மூப்படைகிறது.

தார் விஷயத்தில் தமிழ்நாடு பிறருக்கு வழிகாட்டிய ஒரு காரியத்தைக் குறிப்பிடாமல் விடுவது நன்றியாகாது. மதுரை தியாகராஜர் பொறியியற் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், நாம் தெருவில் எறியும் பிளாஸ்டிக் பைகளைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் அது உருகிக் கல்லுக்குச் சட்டைபோல ஒட்டிக்கொள்கிறது, பிறகு கலக்கும் தார் அதில் இறுகப் பிடிக்கிறது, நீர் எளிதில் புகுவதில்லை என்று கண்டார். தாரும் சிறிது மிச்சமாகிறது. நம் மாகாணத்துக் கிராம ரோடுகள் பலவற்றில் அம்முறை கையாளப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். மிகையாகக் காய்ச்சினால் நச்சுப்புகை எழும் என்பதையும், தரை தேயும்போது பிளாஸ்டிக் தூள் நீரில் கலக்குமே என்ற கவலையையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆயினும் வடிகாலை அடைக்கும் பையையே வெடிப்பை அடைக்க அழைத்த புத்தி பாராட்டத்தக்கது.

வேலை செய்யும் ஆட்களைப் பற்றிப் பேட்டை முதலாளிகள் கேட்பதே இல்லை. காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் கலவையை மண்வெட்டியால் வாரி விரிக்கும் ஆண்களையும் பெண்களையும் நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், ரோடு போடும்போது எழும் தார்ப்புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாயிருக்கலாம் என்ற வகுப்பில் சேர்த்திருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நலவாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் உண்டு. உங்கள் ஆட்கள் அதில் பதிவு பெற்றவர்களா, அவர்களுக்குப் பூட்ஸும் கையுறையும் இருக்கின்றனவா என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க முதலாளிக்குச் செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக நம் தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுக்கூட்டம் என்றால் நாமும் போகிறவர்கள்தாம், மேடையில் பேசுகிறவர்களுந்தாம். மண்டிப் பேட்டையையும் கலியாண மண்டபத்து முற்றத்தையும் ஒருநாள் இரவல் வாங்கி, பந்தற்காலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் கடப்பாறையால் தார்த்தரையைத் துளைக்கிறோம். மாநாடு முடிந்து, தீர்மானங்கள் நிறைவேறி, மாலைகள் வாடியபின் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறோம். துளைகள் அங்கேயே இருக்கின்றன. சென்ற மாசியில் ஒரு பேட்டையில் நாமே எண்ணினோம்: நூற்றுப்பதினாறு. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டோம். எல்லாக் கட்சியின் கடப்பாறையும் ஒரே அகலந்தான். ஒவ்வொரு துளையும் மழைநீர் அடிமண்ணுக்கு இறங்கும் கிணறு. கம்பத்தை நிறுத்த மணல் நிரப்பிய பீப்பாய் போதும்; துளைத்தே தீரவேண்டுமானால் மறுநாள் காலையில் ஒரு வாளித் தார்க்கலவையும் ஒரு திம்மிசுக்கட்டையும் போதும். நிர்வாகக் கமிட்டிகள் பந்தற் செலவோடு இச்செலவையும் வரவு செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நமது அச்சுக்கூடத்துப் பின்முற்றத்தின் வடமேற்கு மூலை இவ்வாரம் அடிமண் வரை வெட்டப்படுகிறது. மாடிக் குழாய் திருப்பி விடப்படும். படுகை உலர்ந்து, ஜல்லி பரப்பி, தார் போட்டு முடியப் பத்து நாளாகும் என்கிறார் கண்டிராக்டர். அதுவரை காகித லாரிகள் கீழத்தெருவில்தான் நிற்கும். தெருவார் பொறுத்தருள வேண்டும்.